எழுதுவது வலக்கை, பலம் இடக்கையில்: ஏர் பிஸ்டலை எந்தக் கையில் பிடிப்பது?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கியிருக்கிறேன். கிளப்பில் இருக்கும் துப்பாக்கிகள் எல்லாமே வலக்கைக் கிரிப் (உள்ளங்கைக்கு ஏற்ப வெட்டிய பிடி) கொண்டவை என்பதால், யாரும் எதுவும் கேட்காமல் வலக்கையில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நான் பிறவியில் இடக்கைக்காரன். பள்ளியில் சேர்த்தபோது பென்சிலை வலக்கைக்கு மாற்றினார்கள். வீட்டில் சோறும் அப்படியே மாறியது. எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கையில். பந்து வீசுவது, சுத்தியல் பிடிப்பது, மூட்டையைத் தோளுக்கு ஏற்றுவது எல்லாம் இடக்கையில். இடக்கையின் பிடி வெளிப்படையாகவே வலுவானது, முன்கையும் பருமன். வலக்கையில் பிஸ்டலை நீட்டினால் வெகு சீக்கிரம் நடுங்கத் தொடங்குகிறது. கண் சோதனையில் வலக்கண்தான் முதன்மை, அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், என்று வந்தது.

இப்போதே இடக்கைக்கு மாறிவிடுவதா, வலக்கையிலேயே தொடர்வதா? இடக்கைக் கிரிப் தனியாக வாங்க வேண்டும், அது மலிவான பொருள் அல்ல. முடிவெடுத்த பிறகே வாங்க விரும்புகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பலமான கையில் பிடியுங்கள். போட்டியில் 60 குண்டுகள், 75 நிமிடம். ஏறத்தாழ ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். மற்றக் கையால் தாங்கிக்கொள்ள விதி அனுமதிக்காது. நடுங்கும் கையை வைத்துக்கொண்டு பத்து எடுக்க முடியுமா? இயற்கை கொடுத்த கை இடக்கை. அதையே பயன்படுத்துங்கள்.

ஆயுதக்கிடங்கு எழுதியது:

தம்பி, காவல்துறை ஆயுதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆயிரக்கணக்கான காவலர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த இடத்தில் இருந்து சொல்கிறேன். முதலில் கண்ணைப் பாருங்கள். பார்ப்பது கண், கை அதன் ஏவலாள். உங்களுக்கு வலக்கண் முதன்மை என்றால் வலக்கைதான். கண்ணும் கையும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்த பயிற்சிக் காவலர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். ரைஃபிளில் கன்னத்தை வைத்ததும் கழுத்தை ஒடித்துக்கொண்டு எதிர்க் கண்ணால் பார்க்க முயல்வார்கள். குண்டு எங்கோ போகும். அவர்களைப் பக்கம் மாற்றிய பிறகுதான் குறி தேறியது.

பத்துமீட்டர் எழுதியது:

ஐயா ரைஃபிளைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பிஸ்டலுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது என்று நினைக்கிறேன். நான் பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்குப் பிஸ்டல் பழக்குகிறவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரைஃபிளில் கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கிறது. கண் இருக்கும் இடத்தைத் துப்பாக்கியே முடிவு செய்துவிடுகிறது. வலத் தோளில் வைத்தால் வலக்கண்தான் ரியர் சைட்டுக்கு (கண் பக்கம் உள்ள பின் குறிக்கு)ப் பின்னால் வரும். பிஸ்டலில் கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒரு முழுக் கை நீளம் இருக்கிறது. இரு கண்களுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் (குழல் நுனிப் பக்கம் உள்ள முன் குறி) வரை 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வலக்கையில் பிடித்த பிஸ்டலை இடக்கண்ணுக்கு நேராகக் கொண்டுவர வேண்டிய கோணம் வெறும் நான்கு பாகை. தலையை அந்த அளவு திருப்பினால் போதும். பாதங்களைக் கொஞ்சம் இலக்குப் பக்கம் திறந்து வைத்தால் கழுத்தில் திருகல்கூட இருக்காது. குறி வைக்காத கண்ணின் முன்னால் 30 மில்லிமீட்டர் அகலம் வரை மறைப்பு வைக்க, பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்பின் விதியே இடம் தருகிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் மறைப்பே இல்லாமல், இரு கண்களையும் திறந்துவைத்துச் சுட்டு, கலப்பு அணியில் வெள்ளி வாங்கினார். கண் முதன்மை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பிஸ்டலில் அதைச் சமாளிக்க எளிய வழிகள் உண்டு. அதற்காக ஒருவரின் கையை மாற்ற வேண்டியதில்லை.

இப்போது பலம். இங்கேதான் பெரும்பாலானோர் தவறான பக்கம் போகிறார்கள். ஏர் பிஸ்டலில் இரண்டு வகை அசைவு உண்டு. கை முழுவதும் மேலும் கீழுமாக மிதப்பது ஒன்று. மணிக்கட்டு ஒடிந்து, ஃப்ரண்ட் சைட் ரியர் சைட்டின் பள்ளத்திலிருந்து விலகுவது மற்றொன்று. சைட் இரண்டுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். கை முழுவதும் துப்பாக்கியோடு சேர்ந்து மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால், பெல்லட்டும் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) இலக்கில் மூன்று மில்லிமீட்டர்தான் விலகும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நடுவிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விலகினாலும் அது பத்துதான். ஆனால் ஃப்ரண்ட் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தொலைவில் அது முப்பது மில்லிமீட்டராகப் பெருகும். பத்து ஏழாகிவிடும். நடுக்கம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மதிப்பெண்ணைத் தின்பது மணிக்கட்டு ஒடிவது.

மணிக்கட்டு எப்போது ஒடிகிறது? பெரும்பாலும் டிரிகரை இழுக்கும் நொடியில். ஏர் பிஸ்டல் டிரிகரின் குறைந்தபட்ச எடை 500 கிராம். அதை இழுக்கப் பலம் தேவையில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நகர வேண்டும், மற்ற மூன்று விரல்களும் கட்டைவிரலும் அதே அழுத்தத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இந்தத் தனித்த அசைவு எந்தக் கையில் இயல்பாக வருகிறதோ அந்தக் கைதான் சுடும் கை என்பது என் உறுதியான கருத்து. பலத்தைப் பயிற்சியால் சில மாதங்களில் வளர்த்துவிடலாம். விரலின் நுணுக்கம் அவ்வளவு எளிதில் வராது.

தாய்_ஜூரோங் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் உயர்நிலைப் பள்ளியில் ஏர் பிஸ்டலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் வலக்கை, ஆனால் இடக்கண் முதன்மை. உறவினர் ஒருவர் உடனே இடக்கைக்கு மாற்றச் சொன்னார். பயிற்றுநர் கேட்டுவிட்டு மறுத்தார். இடக்கண் முன்னால் ஒரு வெள்ளை மறைப்பை வைத்து வலக்கண்ணால் பார்க்கச் சொன்னார். முதல் சில வாரங்கள் கண் களைத்தது, தலைவலி என்றாள். பிறகு மறைப்பை எடுத்துவிட்டு, தலையைச் சற்றுத் திருப்பி இடக்கண்ணாலேயே பார்க்கச் சொன்னார். அது அவளுக்குப் பொருந்திவிட்டது. இன்று வரை வலக்கையும் இடக்கண்ணும்தான். பத்துமீட்டர் ஐயா சொன்ன நான்கு பாகைக் கணக்கைப் படித்ததும் பயிற்றுநர் ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்கியது. நன்றி.

பத்துமீட்டர் எழுதியது:

நல்ல பயிற்றுநர், அம்மா. கவனித்தால், மறைப்பைக் கறுப்பாக வைக்காமல் வெள்ளையாக வைத்திருக்கிறார். ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றக் கண்ணின் பாவையும் விரியும், சைட் மங்கும். ஒளி ஊடுருவும் வெள்ளை மறைப்பே நல்லது. ஒரு கண்ணை இறுக்கி மூடிச் சுடும் பழக்கம் உள்ளவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இமையை இறுக்கினால் முகத் தசை முழுவதும் இறுகும்.

இயன்முறை எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். காவிரிக்கரை சொன்ன பலம் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது.

நொய்யல் தன் இடக்கை பலமானது என்று சொல்லும்போது பிடிப்பலத்தைச் சொல்கிறார். அது முன்கைத் தசைகளின் வேலை. நீட்டிய கையை உயரத்தில் நிறுத்துவது தோளின் டெல்டாய்டு தசையும், தோள் மூட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகளும், தோள்பட்டை எலும்பைப் பிடித்துவைக்கும் முதுகுத் தசைகளும். மூட்டை தூக்கியதால் இடக்கைப் பிடி வலுத்திருக்கும். அதனாலேயே இடத் தோள் நீண்ட நேரம் அசையாமல் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு முழுக் கையின் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. அதன் எடை மையம் தோளிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டரில். ஒரு கிலோ பிஸ்டல் சுமார் 65 சென்டிமீட்டரில். பெருக்கிப் பாருங்கள். தோளில் விழும் சுமையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் உங்கள் கையின் சொந்த எடைதான். வெறுங்கையை நீட்டிப் பிடித்தாலே பாதிக்கு மேல் வேலை நடந்துவிடுகிறது. புதியவர்களுக்குக் கை நடுங்குவது கை பலவீனமானது என்பதால் அல்ல. அந்தத் தோள் இப்படி ஒரு வேலையை இதுவரை செய்ததே இல்லை. எந்தக் கையில் தொடங்கினாலும் நடுங்கும்.

இன்னொன்று. பிடியை இறுக்க இறுக்க நடுக்கம் கூடும். ஆரோக்கியமான கையிலும் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை நுண்ணிய நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். களைப்பும் அளவு மீறிய இறுக்கமும் அதன் வீச்சைப் பெரிதாக்கும். வலுவான கைக்காரர்கள் தேவைக்கு அதிகமாக இறுக்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி மருத்துவரே. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போட்டியின் கடைசிப் பத்துக் குண்டுகளில் மதிப்பெண் சரிவது ஏன்? அது களைப்புத்தானே? களைப்பு என்றால் பலக்குறைவுதானே? தொடக்கத்திலேயே கூடுதல் பலம் உள்ள கையை விட்டுவிட்டு, குறைந்த கையை வளர்க்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

இயன்முறை எழுதியது:

களைப்பு உண்மைதான். தோள் தாங்குதிறனை வளர்க்காமல் யாரும் 75 நிமிடம் நிற்க முடியாது. நான் சொல்வது, அந்தத் தாங்குதிறன் வலம் இடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்துதான் வளர வேண்டியிருக்கிறது என்பதுதான். வலக்கைக்காரர்களில் வலக்கைப் பிடி பொதுவாகப் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். இடக்கைக்காரர்களில் இரு கைகளுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. வேலையால் வந்த வேறுபாட்டை வேலையாலேயே சமன் செய்யலாம். மாறாக, தோளில் வலி, பழைய முறிவு, நரம்புப் பாதிப்பு போன்றவை இருந்தால் அது வேறு விஷயம், அப்போது மருத்துவரைப் பார்த்துவிட்டே கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடக்கையன் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், பேசாமல் இருக்க முடியவில்லை.

நொய்யல் சொன்ன கதை என்னுடைய கதையும்தான். நம் ஊரில் எத்தனையோ குழந்தைகளுக்கு இது நடந்தது. இலைமுன் இடக்கையை நீட்டினால் கையில் அடி. திருநீறு வாங்க இடக்கை நீண்டால் கண்டிப்பு. காசு கொடுத்தால், தாம்பூலம் எடுத்தால், எல்லாவற்றுக்கும் "அந்தக் கையா?" என்ற கேள்வி. பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு விளையாட்டுக்கு வரும்போது, "வலக்கை விரல்தான் நுணுக்கமாக இருக்கிறது, வலக்கையிலேயே சுடு" என்று சொன்னால், அந்தக் கட்டாயத்தை நாம் இரண்டாவது முறை செய்வதாகாதா?

பத்துமீட்டர் ஐயாவின் வாதத்தில் ஒரு நியாயக் குறை இருக்கிறது. இருபது ஆண்டுகள் பேனா பிடித்த விரலையும், பேனாவே கொடுக்கப்படாத விரலையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கச் சொல்கிறார். இடக்கை விரலுக்கு வாய்ப்பே கொடுக்காமல் அது நுணுக்கமற்றது என்று எப்படி முடிவு செய்வது?

நான் இடக்கையில்தான் சுடுகிறேன். வால்நட் கட்டையில் இடக்கைக் கிரிப் வாங்கினேன். ரேஞ்சில் எனக்கு வலப்பக்க லேனில் நிற்பவரும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அவர் நெஞ்சு இடப்பக்கம் திரும்பியிருக்கும், என்னுடையது வலப்பக்கம். சிலருக்கு அது சங்கடம். எனக்கு ஒருநாளும் சங்கடமாக இருந்ததில்லை. என் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்த விளையாட்டு இது.

நொய்யல் எழுதியது:

இடக்கையன் அண்ணா, உங்கள் பதிவு என்னை அசைத்துவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் அந்த ஏக்கம் இருக்கிறது. இடக்கைதான் "என்" கை என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. ஆனால் ஏக்கத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. பத்துமீட்டர் ஐயா, இரண்டு கைகளுக்கும் நேர்மையான சோதனை ஒன்று சொல்ல முடியுமா?

பத்துமீட்டர் எழுதியது:

இடக்கையன் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஒரே நாளில் சோதித்தால் அது பேனாவைச் சோதிப்பதாகத்தான் முடியும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில், இடக்கைக்கு உரிய கிரிப் இல்லாமல் சோதனையைத் தொடங்காதீர்கள். வலக்கை உள்ளங்கைக்கு வெட்டிய கிரிப்பை இடக்கையில் பிடித்துவிட்டு, இடக்கை சரியில்லை என்றால் அது பொய். யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இல்லையென்றால் இருபுறமும் ஒரே மாதிரியான சாதாரணப் பிடி கொண்ட பழைய மாடல் துப்பாக்கியில் இரண்டு கைகளையும் பாருங்கள்.

அடுத்து, பலத்தைச் சோதனையிலிருந்து விலக்க வேண்டும். மேசையில் மணல் பையை வைத்து முன்கையை அதில் சாய்த்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டு மட்டும் சுதந்திரமாக இருக்கட்டும். இலக்கு வேண்டாம், எதிரில் வெறும் வெள்ளைச் சுவர். பெல்லட் வேண்டாம். குழல் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியில் டிரை ஃபயர் வசதி (குண்டில்லாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகும் அமைப்பு) இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தாலும் இந்த ஒழுங்கை விடக்கூடாது. துப்பாக்கி கையில் இல்லாத நேரங்களில் குழலில் பாதுகாப்புக் கொடி (குழல் காலி என்று காட்டும் அடையாளம்) இருக்கட்டும்.

பார்வை முழுவதும் ஃப்ரண்ட் சைட்டின் மேல் விளிம்பில் நிற்க வேண்டும். டிரிகரின் முதல் கட்டத்தை (தடை தட்டும் வரை லேசாக நகரும் தூரத்தை) எடுங்கள், இரண்டாம் கட்டத்தில் மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். விசை விடுபடும் நொடியில் ஃப்ரண்ட் சைட் எங்கே போனது என்பதை மட்டும் குறித்துவையுங்கள். அசையவில்லை, கீழே, பக்கவாட்டில், அவ்வளவு போதும். ஒரு நாள் வலக்கையில் தொடங்கினால் மறுநாள் இடக்கையில் தொடங்குங்கள். இதை இரண்டு மாதமாவது நடத்துங்கள். முதல் வாரத்துக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். கடைசி இரண்டு வாரங்களில் எந்தக் கை அமைதியாக இருக்கிறது, எது இன்னும் தேறிக்கொண்டே வருகிறது என்பதைப் பாருங்கள்.

கை முழுவதும் சேர்ந்து இறுகும் குறை இருந்தால் அது குண்டிலும் தெரியும். வலக்கைக்காரருக்குக் குண்டுகள் கீழே இடப்புறம் கூடும். இடக்கைக்காரருக்குக் கீழே வலப்புறம்.

ஆயுதக்கிடங்கு எழுதியது:

பிஸ்டலில் கண்ணைச் சமாளிக்கலாம் என்ற வாதத்தை வாசித்தேன். விளையாட்டு பிஸ்டலுக்கு அது பொருந்தட்டும். ரைஃபிள் எடுக்கும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடிப்பவர்களுக்கு, கண்தான் முதல் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பணித் துப்பாக்கி பற்றி ஒன்று சேர்க்கிறேன், காவல் பணிக்குத் தயாராகும் இளைஞர்கள் இங்கே படிப்பதால். ஈஷாப்பூரில் தயாராகும் 9 மில்லிமீட்டர் 1ஏ பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி நெம்புகோல் இடப்புறத்தில், வலது கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்கிறது. மேகசினை விடுவிக்கும் பொத்தானும் அப்படித்தான். வெற்றுத் தோட்டா வலப்புறம் தெறிக்கும். இடக்கைக் காவலர் ஒவ்வொரு நெம்புகோலுக்கும் தனி வழி பழக வேண்டும். பழகலாம், பழகியவர்கள் இருக்கிறார்கள். அங்கே இரு கைப் பிடி உண்டு என்பதால் பலமான கை வீணாவதும் இல்லை. துணைக் கையாக வெளியிலிருந்து அணைத்து இறுக்குவது அதுதான். இறுக்கத்தின் பெரும்பங்கைத் துணைக் கை ஏற்றுக்கொண்டால் சுடும் கையின் விரல் தளர்வாக வேலை செய்யும். நொய்யல் தம்பியைப் போன்றவருக்கு இரு கைப் பிடியில் இது நல்ல அமைப்பு.

மணிக்கட்டு எழுதியது:

எனக்கு இந்தத் தேர்வே இருக்கவில்லை. விபத்தில் வலது முழங்கையில் நரம்பு அடிபட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. ஆள்காட்டி விரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரிப்பைக் கீழிருந்து தாங்க வேண்டிய விரல்கள் எவ்வளவு அழுத்துகின்றன என்பதே எனக்குத் தெரிவதில்லை. இடக்கைக்கு மாறினேன். விரல் நுணுக்கத்தைப் பயிற்சியில் வளர்க்கவே முடியாது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மெதுவாக வரும், ஆனால் வரும்.

ஹங்கேரியின் காரோய் டகாச் வலக்கைக்காரர். 1938இல் ராணுவப் பயிற்சியில் குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. இடக்கையில் பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் 580 புள்ளிகளோடு தங்கம், 1952 ஹெல்சின்கியில் 579 புள்ளிகளோடு மீண்டும் தங்கம். நம் நாட்டில் ஹரியானாவின் மனீஷ் நர்வால் பிறவியிலேயே வலக்கைப் பாதிப்பு உள்ளவர். இடக்கையில் சுட்டு டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டல் தங்கம் வென்றார், பாரிஸில் 10 மீட்டரில் வெள்ளி.

பத்துமீட்டர் எழுதியது:

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன் மணிக்கட்டு. ஒன்றை மட்டும் மற்றவர்களுக்காகச் சேர்க்கிறேன். டகாச்சும் நர்வாலும் இருந்த ஒரே கையை உலகத் தரத்துக்குக் கொண்டுபோனவர்கள். அவர்கள் சாதித்ததைக் காட்டி, இரண்டு நல்ல கைகள் உள்ளவர் எந்தக் கையை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லக்கூடாது. தேர்வு இருப்பவர் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். இன்னொன்றும் அதிலிருந்து தெரிகிறது: எடுத்த முடிவை மாதத்துக்கு ஒருமுறை மாற்றாதீர்கள். ஒரு கையில் மூன்று மாதம், மறு கையில் மூன்று மாதம் என்று அலைந்தவர்களில் தேறியவரை நான் பார்த்ததில்லை.

இடக்கையன் எழுதியது:

நொய்யல், உங்கள் பெயரைப் பார்த்தால் கொங்குப் பக்கம் என்று தோன்றுகிறது. கோயம்புத்தூர் வர முடிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். என்னுடைய பழைய இடக்கைக் கிரிப் ஒன்று, எம் அளவு, சும்மாதான் கிடக்கிறது. உங்கள் கிளப் துப்பாக்கியும் அதே மாடல் என்றால் சோதனை முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்கு நேர்மையான வாய்ப்புக் கிடைக்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

நொய்யல் எழுதியது:

பல வாரங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்புகிறேன். இடக்கையன் அண்ணா கிரிப்பை மனமுவந்து கொடுத்தார், கிளப் துப்பாக்கியில் சரியாகப் பொருந்தியது. ஐயா சொன்னபடியே மணல் பையில் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன்.

தொடக்கத்தில் இடக்கை மோசமாக இருந்தது. டிரிகரை இழுத்ததும் உள்ளங்கை முழுவதும் சேர்ந்து மூடியது, சுத்தியலைப் பிடிப்பதுபோல. ஃப்ரண்ட் சைட் ஒவ்வொரு முறையும் கீழே குதித்தது. போகப்போகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கவனம் சிறிது சிதறினாலும் பழைய இறுக்கம் திரும்பிவிடுகிறது. வலக்கையில் விரல் தனியாக வருகிறது, மற்ற விரல்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. கடைசி வாரங்களின் குறிப்பில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

கையை நீட்டிப் பிடித்தபோது நான் எதிர்பாராத ஒன்று. இடக்கை முதல் சில குண்டுகளுக்கு வலக்கையைவிட அமைதியாக நின்றது, பிறகு இரண்டும் ஒரே மாதிரி நடுங்கின. மருத்துவர் சொன்னது அப்படியே நடந்தது.

வலக்கையில் தொடர்வதென்று முடிவு செய்துவிட்டேன். வருத்தம் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்த முறை யாரும் என்மீது சுமத்தவில்லை. நானே சோதித்து நானே எடுத்த முடிவு.

இடக்கையன் எழுதியது:

நீங்கள் எடுத்த முடிவை முழு மனத்தோடு ஏற்கிறேன். வாய்ப்புக் கொடுத்துவிட்டு எடுத்த முடிவு. ஆனால் பத்துமீட்டர் ஐயாவிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். நாளை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, எழுத்தை மட்டும் வலக்கைக்கு மாற்றிய பிள்ளை, உங்களிடம் வந்தால் இதே சோதனையா? அங்கேயும் பேனாதான் வெல்லும்.

பத்துமீட்டர் எழுதியது:

இல்லை. அந்தப் பிள்ளையை இடக்கையில் தொடங்கவைப்பேன்.

சோதனை இன்றைய நிலையை அளக்கிறது. 27 வயதில் இன்றைய நிலைக்கு எடை அதிகம், ஏனென்றால் கை தன் பழக்கத்தில் உறைந்துவிட்டது, வேலைக்கு நடுவில் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. பன்னிரண்டு வயதில் வளர இடம் நிறைய இருக்கிறது. அந்தப் பிள்ளை எறிவது, பல் துலக்குவது, கத்தரிக்கோல் பிடிப்பது, நூல் கோப்பது எந்தக் கையில் என்று பார்ப்பேன். யாரும் கற்றுத்தராத வேலைகளை எந்தக் கை தானாக எடுத்துக்கொள்கிறதோ அந்தக் கைக்கு ஒரு முழுப் பருவம் கொடுப்பேன். அதற்கு கிளப்புகளில் ஒரு இடக்கைக் கிரிப்பாவது வாங்கி வைக்க வேண்டும். நம் கிளப்புகளில் பெரும்பாலும் அது இல்லாததால்தான் இந்தக் கேள்வியே எழாமல் போகிறது. நொய்யலிடமும் யாரும் கேட்கவில்லையே. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்றால், முப்பது பிள்ளைகள் பழகும் இடத்தில் மூன்று பேருக்கு அது தேவைப்படும். கிளப் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

இயன்முறை எழுதியது:

நொய்யலுக்கு: வலத் தோளை வளர்க்கும்போது அவசரம் வேண்டாம். வெறும் துப்பாக்கியை நீட்டி இருபது விநாடி பிடித்து, ஒரு நிமிடமாவது இறக்கி ஓய்வு. சுடும்போது கை நிற்கும் உயரத்திலேயே பிடியுங்கள், இலக்கின் மையம் 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கும். நடுக்கம் பெரிதானதும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், நடுங்கும் கையோடு பழகினால் நடுக்கமே பழகும். எடை கூட்டுவதற்கு முன்னால் தோள்பட்டையைப் பின்னிழுக்கும் ரப்பர் பட்டைப் பயிற்சிகளைச் செய்யுங்கள். இடப்பக்கத்துக்கும் அதையே செய்யுங்கள், முதுகு ஒருபக்கமாக இழுபடாமல் இருக்கும். தோளின் முன்பக்கத்தில் குத்தும் வலி வந்தால் பயிற்சியைத் தொடராமல் நேரில் காட்டுங்கள்.

நொய்யல் எழுதியது:

குறித்துக்கொண்டேன் மருத்துவரே. ஒரு சந்தேகம் மட்டும். கிளப்பின் வலக்கைக் கிரிப் எம் அளவு. என் வலது உள்ளங்கை இடதைவிட மெலிந்தது, கீழே உள்ள தாங்கு பலகைக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, கை உள்ளே வழுக்குகிறது. எஸ் அளவு வாங்க வேண்டுமா?

பத்துமீட்டர் எழுதியது:

வாங்க வேண்டாம். தாங்கு பலகையின் திருகைத் தளர்த்தி மேலே ஏற்றினால் இடைவெளி அடங்கும். ஆனால் மணிக்கட்டு மேல் அது ஏறக்கூடாது, மணிக்கட்டு சுதந்திரமாக இருப்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பது விதி. கிளப் கிரிப் என்பதால் மரத்தில் குழி அடைக்கும் புட்டி பூச நிர்வாகியிடம் அனுமதி கேளுங்கள், கிடைத்தால் உள்ளங்கைக் குழியில் மட்டும் மெல்லிய அடுக்காகப் பூசி, காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். ஆள்காட்டி விரல் ஓடும் பக்கத்தில் எதையும் பூசாதீர்கள், விரல் மரத்தைத் தொடாமல் நகர வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, கண்ணை மூடிக் கையை உயர்த்தி நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஃப்ரண்ட் சைட் பள்ளத்தின் நடுவில் தானாக நிற்க வேண்டும். ஒரே பக்கம் விலகி நின்றால் கிரிப்பைத் திருத்துங்கள், மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கிரிப்பைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.